'புல் டர்ஹம்' படத்தில் கிராஷ் டேவிஸ் ஏன் எழுந்து போகிறார்?

கேள்வி: கடைசிவரிசை_ரசிகர்

அனைவருக்கும் வணக்கம். 1988இல் வெளிவந்த 'புல் டர்ஹம்' படத்தைக் கடந்த வாரத்தில் இரண்டு முறை பார்த்தேன். பேஸ்பால் விதிகள் எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும் என்றாலும், இந்தப் படம் மனத்தை விட்டு அகல மறுக்கிறது. பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு என் ஐயத்தைக் கேட்கிறேன்.

அமெரிக்காவின் வடக்கு கரோலினா மாநிலத்தில் உள்ள டர்ஹம் நகரத்தில் 'டர்ஹம் புல்ஸ்' என்று ஒரு சிறிய தொழில்முறை பேஸ்பால் அணி இருக்கிறது. அதில் எபி கால்வின் லாலூஷ் என்ற இளம் பந்துவீச்சாளன் சேர்கிறான்; டிம் ராபின்ஸ் நடித்திருக்கிறார். கையில் அசாத்தியமான வேகம் உண்டு, ஆனால் வீசும் பந்து எங்கே போய் விழும் என்பது அவனுக்கே தெரியாது. அவனைப் பக்குவப்படுத்துவதற்காகவே, பன்னிரண்டு ஆண்டுகளாகச் சிறிய அணிகளில் ஆடிவரும் கிராஷ் டேவிஸ் என்ற கேட்சரை (வீசிய பந்தைப் பிடிப்பவர்) மேல்நிலை அணியிலிருந்து இறக்கி டர்ஹமுக்கு அனுப்புகிறார்கள். இவர் கெவின் காஸ்ட்னர். அதே ஊரில் ஆனி சவாய் என்ற பெண் வாழ்கிறார். சூசன் சரண்டன் நடித்த பாத்திரம். ஒவ்வொரு பருவத்திலும் அணியில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பருவம் முடியும்வரை அவரைக் காதலித்து, ஆட்டத்தின் நுட்பத்தையும் கவிதையையும் சேர்த்துக் கற்றுக்கொடுப்பது ஆனியின் வழக்கம்.

இந்த ஆண்டுக்கு யார் என்று முடிவு செய்ய, கிராஷையும் லாலூஷையும் ஒரே இரவில் தன் வீட்டுக்கு அழைக்கிறார் ஆனி. கிராஷோ, பன்னிரண்டு ஆண்டுகள் ஆடிய பிறகு தேர்வுக்கு வந்து நிற்பவன் நான் இல்லை என்ற பொருளில் மறுத்துவிட்டு எழுந்து போகிறார். போவதற்கு முன் தன் நம்பிக்கைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிச் சொல்கிறார்; அதைக் கேட்ட ஆனி அசந்துபோய் நிற்கிறார். ஆனாலும் அந்த ஆண்டுக்கான காதலன் லாலூஷ்தான் என்றாகிவிடுகிறது.

என் ஐயம் இதுதான். முக்கோணக் காதல் என்றால் ஒரு பெண்ணுக்காக இருவர் போட்டியிட வேண்டும். இறுதிப் போட்டியில் வென்றவரிடம் காதலும் சென்று சேரும் என்பதுதான் விளையாட்டுப் படங்களில் நாம் பார்த்துப் பழகிய கதை. இங்கே படத்தின் தொடக்கப் பகுதியிலேயே ஒருவர் தானாக விலகிவிடுகிறார். இறுதிப் போட்டி என்று ஒன்றும் கிடையாது. அப்படியானால் எஞ்சிய படம் எதைப் பற்றியது? இந்தத் தளத்தில் விளையாட்டும் திரைப்படமும் அறிந்தவர்கள் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

மறுமொழி: கீப்பர்_கையுறை

நண்பரே, அந்தக் காட்சியில் கிராஷ் மறுப்பது ஆனியை அன்று, 'தேர்வு' என்ற சொல்லை மட்டுமே மறுக்கிறார் என்பது என் கருத்து. இதை உணர அங்கே அணிகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது தெரிந்திருக்க வேண்டும்.

மேஜர் லீக் அணி ஒவ்வொன்றுக்கும் கீழே பல படிகளில் சிறிய அணிகள் இருக்கும். புதியவர்கள் சேரும் அடிநிலை அணிகள், அதற்கு மேல் 'ஏ' நிலை, 'டபுள் ஏ', 'டிரிபிள் ஏ', உச்சியில் மேஜர் லீக். ஒரு வீரர் எந்தப் படியில் நிற்க வேண்டும் என்பதை மேலே உள்ள நிர்வாகம் தீர்மானிக்கிறது. படத்தில் வரும் டர்ஹம் புல்ஸ் 'ஏ' நிலை அணி. கிராஷ் மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழே இருந்த 'டிரிபிள் ஏ' ஆட்டக்காரர். முப்பது வயதைக் கடந்த ஒருவரை, இளைஞனுக்குப் பாடம் நடத்துவதற்காக இரண்டு படிகள் கீழே தள்ளுவது என்பது, இனி நீ மேலே போகப்போவதில்லை என்று சொல்லாமல் சொல்வதாகும். அவர் கோபத்தில் வேலையை விடுகிறேன் என்று சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியேறுகிறார். அடுத்த நொடியே தலையை மட்டும் உள்ளே நீட்டி, நாளை யாருடன் ஆட்டம் என்று கேட்கிறார். பன்னிரண்டு ஆண்டு வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் யாராவது ஒருவர் அவரை நிறுத்திவைத்து எடைபோட்டிருக்கிறார்கள். வயிற்றுப்பிழைப்புக்காக அதற்கு உடன்பட்டவர், ஒரு பெண்ணின் கூடத்திலும் அதற்கு உடன்பட மறுக்கிறார். அவரால் மறுக்க முடிந்த இடம் அது ஒன்றுதான்.

நான் கல்லூரி நாள்களில் கிரிக்கெட் விக்கெட் கீப்பராக இருந்தேன். மாவட்ட அணித் தேர்வுக்கு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து சென்றேன். மூன்றாவது முறை, என்னைவிட இளையவனுக்குக் கையுறை பிடிக்கக் கற்றுக்கொடுக்கச் சொன்னார்கள். மாலையில் வாசித்த பட்டியலில் அவன் பெயர் இருந்தது, என் பெயர் இல்லை. அவன் நல்ல ஆட்டக்காரன்தான், அவன்மேல் எனக்கு இன்றும் வருத்தம் இல்லை. ஆனால் நாலாவது ஆண்டு அழைப்பு வந்தபோது நான் போகவில்லை. கிராஷ் நாற்காலியிலிருந்து எழுந்தபோது எனக்கு அந்த நாள்தான் நினைவுக்கு வந்தது.

எஞ்சிய படம் எதைப் பற்றியது என்று கேட்டீர்கள். கேட்சருக்கும் பந்து வீசும் பிட்சருக்கும் உள்ள உறவைப் பற்றியது என்று சொல்வேன். கேட்சர் மட்டையாளருக்குப் பின்னால் குந்தி அமர்ந்து, எந்த வகைப் பந்தை வீச வேண்டும் என்று விரல்களால் சைகை காட்டுவார்; பிட்சர் தலையை அசைத்து அதை மறுக்கலாம். நம் விக்கெட் கீப்பருக்கு இவ்வளவு அதிகாரம் கிடையாது. லாலூஷ் ஒருமுறை சைகையை மறுத்துவிட்டுத் தன் விருப்பப்படி வேகப்பந்து வீசத் துணிகிறான். உடனே கிராஷ், அடுத்து வரப்போவது என்ன பந்து என்பதை எதிரணி மட்டையாளரிடமே சொல்லிவிடுகிறார். பந்து அரங்கத்தைத் தாண்டிப் பறக்கிறது. தன் அணிக்கு ஓட்டம் போனாலும் பரவாயில்லை, இவன் கற்றுக்கொண்டாக வேண்டும் என்று நினைக்கும் மனிதர் அவர். காதல் படத்தில் இப்படி ஒரு காட்சிக்கு என்ன வேலை என்று முதலில் எனக்கும் தோன்றியது. பிறகுதான், ஆனி தன் வீட்டில் செய்வதும் இதையேதான் என்பது புரிந்தது. அவனைக் கட்டிலில் கட்டிவைத்து அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனின் கவிதைகளை வாசிக்கிறார்; பந்து வீசும்போது சீருடைக்குள்ளே பெண்கள் நீள் காலுறையைப் பிடித்துவைக்க அணியும் கார்ட்டர் பெல்ட்டை அணிந்துகொள்ளச் சொல்கிறார்; கண்ணிமைகளால் மூச்சு விடச் சொல்கிறார். யோசிப்பதை நிறுத்து, கை தன் வேலையைச் செய்யட்டும் என்பதுதான் இருவரும் அவனுக்குச் சொல்லித்தரும் பாடம். இரண்டு ஆசிரியர்கள் ஒரே மாணவனின் ஏட்டில் மாறிமாறித் திருத்தம் எழுதுகிறார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கிறார். அப்படியே ஒருவரை ஒருவர் அறிகிறார்கள். கிராஷ் எங்கும் விலகிப் போகவில்லை, நண்பரே. லாலூஷின் வழியாக ஆனியோடு பேசிக்கொண்டே இருக்கிறார்.

மறுமொழி: மாடிவீட்டு_வாசகி

மேலே எழுதியவரின் அனுபவம் மனத்தைத் தொட்டது. அந்த இரண்டு ஆசிரியர்கள் என்ற கருத்தையும் ஏற்கிறேன். ஆனால் இதுவரை நடந்த பேச்சில் ஆனி சவாய் யாரோ வெல்ல வேண்டிய கோப்பையைப் போல ஒதுங்கி நிற்கிறார். படம் அவருடைய குரலில்தான் தொடங்குகிறது என்பதை நினைவூட்ட விரும்புகிறேன். எல்லா மதங்களையும் முயன்று பார்த்துவிட்டு, கடைசியில் பேஸ்பாலையே தன் திருச்சபையாக ஏற்றுக்கொண்டதாக அவர் சொல்கிறார். அதற்குக் காரணமாக, கத்தோலிக்க ஜெபமாலையில் 108 மணிகள், பேஸ்பால் பந்தில் 108 தையல்கள் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார். பந்தைப் பற்றிய கணக்கு சரிதான். 108 இரட்டைத் தையல்கள் போடுகிறார்கள். ஆனால் வழக்கமான கத்தோலிக்க ஜெபமாலையில் 59 மணிகளே உண்டு. 108 மணிகள் கொண்டது நம் ஊர்ப் பூசை அறைகளில் தொங்கும் ஜபமாலை. ஆனி தவறாகச் சொன்ன எண் நமக்குச் சரியாக வந்து சேர்ந்திருப்பதைப் பார்த்தபோது, இந்தப் பெண்ணை எனக்கு முன்பே தெரியும் என்ற உணர்வு ஏற்பட்டது.

ஆனியின் முறையைப் பலர் வெறும் விளையாட்டுத்தனம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். தான் வீரர்களுக்குக் கொடுப்பது வாழ்நாள் முழுதும் நிற்கும், அவர்கள் தனக்குக் கொடுப்பது 142 ஆட்டங்களுக்குத்தான் வரும் என்று அவரே தொடக்கத்தில் சொல்கிறார். 142 என்பது ஒரு பருவம் முழுவதற்கும் அவர் சொல்லும் ஆட்டக் கணக்கு. கோடை முடிந்ததும் பையன்கள் மேலே போவார்கள், அல்லது வீட்டுக்குப் போவார்கள், எப்படியும் போய்விடுவார்கள். போகிறவனை மட்டுமே தேர்ந்தெடுத்தால் கைவிடப்பட்டோம் என்ற எண்ணம் வராது. முறிவு தேதி முன்கூட்டியே நாள்காட்டியில் இருக்கும் காதல் அது. கிராஷ் எழுந்து போனது ஆனியை ஏன் அவ்வளவு உலுக்குகிறது என்றால், அவர் அந்த நாள்காட்டிக்குள் அடங்க மறுத்த முதல் ஆள். இந்த முக்கோணத்தில் லாலூஷும் கிராஷும் இரு முனைகள் என்று நான் கருதவில்லை. 142 ஆட்டங்களில் முடியும் வாழ்க்கை ஒரு முனை, முடிவு தேதி இல்லாத வாழ்க்கை மற்றொரு முனை. நடுவில் நின்று தவிப்பவர் ஆனிதான்.

அந்தத் தவிப்பைப் படம் நகைச்சுவையாகவே காட்டுகிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. லாலூஷ் தொடர்ந்து வெல்லத் தொடங்கியதும், வெற்றித் தொடர் நடக்கும்போது வழக்கத்தை மாற்றக் கூடாது, வீரியத்தைச் சிதறவிடக் கூடாது என்று கிராஷ் அவனிடம் சொல்லிவைக்கிறார். அவனும் விரதம் இருப்பவனைப் போல ஆனியின் வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிறான். விளையாட்டின் நம்பிக்கைகளை மதமாகவே கொண்டாடும் ஆனியால் இதை எதிர்த்து வாதாடவும் முடியவில்லை, பொறுத்துக்கொள்ளவும் முடியவில்லை. நேராகக் கிராஷின் இருப்பிடத்துக்கே சண்டைக்குப் போகிறார். போட்டியே இல்லை என்றீர்களே, கேட்டவரே, இதைவிடக் கெட்டிக்காரத்தனமான போட்டி எது?

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். கடைசிக் காட்சியில், மழை பெய்துகொண்டிருக்கும் திண்ணையில், ஆனி தன் கோட்பாடுகளைச் சொல்லத் தொடங்கும்போது கிராஷ் இடைமறிக்கிறார். உன் கருத்துகள் எல்லாவற்றையும் பின்னால் கேட்கிறேன், இப்போது எதையும் நினைக்காமல் சும்மா இருக்க வேண்டும் என்கிறார். ஆனியும் இசைந்துவிடுகிறார். படம் முழுவதும் பேசிப் பேசியே நம்மைக் கட்டிப்போட்ட பெண்ணின் வாயை அந்த இடத்தில் மூடியிருக்க வேண்டாம். காட்சி அழகானது, நான் அதை வெறுக்கவில்லை. ஆனாலும் அந்த ஒரு வரியை ஆனி சொல்லியிருந்தால் இன்னும் நேர்மையாக இருந்திருக்கும்.

மறுமொழி: பழைய_ஸ்கோர்புக்

படத்தை எழுதி இயக்கிய ரான் ஷெல்டனின் வாழ்க்கையைச் சேர்த்துப் பார்த்தால் உங்கள் கேள்விக்கு இன்னொரு விடை கிடைக்கும். 1967 முதல் 1971 வரை, மேஜர் லீக் அணியான பால்டிமோர் ஓரியோல்ஸ் அமைப்பின் சிறிய அணிகளில் அவர் தொழில்முறை ஆட்டக்காரராக இருந்தார். 'டிரிபிள் ஏ' நிலையில் உள்ள ராசெஸ்டர் அணிவரை உயர்ந்து, மேஜர் லீக்கை எட்டாமலே ஆட்டத்தை விட்டார். அவர் இயக்கிய முதல் படம் இது. மூலத் திரைக்கதைக்கான ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றது. உச்சிக்கு ஒரு படி கீழே நின்று திரும்பியவர் எழுதிய கதையில், வெற்றி பெறுபவன் நாயகனாக இருக்க முடியாது.

கிராஷ் மேஜர் லீக்கில் இருந்தது மொத்தம் 21 நாள்கள். அணிப் பேருந்தில் இளைஞர்கள் கேட்கும்போது அந்த நாள்களைப் பற்றிச் சொல்கிறார்: அங்கே பெட்டியை நாம் தூக்க வேண்டியதில்லை, பயிற்சிக்குக்கூடப் புத்தம்புதிய வெள்ளைப் பந்துகள், பேராலயம் போன்ற அரங்குகள். பேருந்தே அமைதியாகிவிடுகிறது. இதற்கு இணையான இன்னொரு காட்சி பின்னால் வருகிறது. லாலூஷுக்கு மேஜர் லீக் அழைப்பு வந்த இரவில், குடித்திருக்கும் கிராஷ் அவனிடம் ஒரு கணக்குச் சொல்கிறார். 250 சராசரி உள்ள மட்டையாளருக்கும் 300 சராசரி உள்ளவருக்கும் என்ன வேறுபாடு? பேஸ்பாலில் சராசரியை ஆயிரத்துக்கு எத்தனை என்ற கணக்கில் சொல்வார்கள். 500 முறை மட்டை பிடித்தால் முன்னவர் 125 முறை வெற்றிகரமாக அடித்திருப்பார், பின்னவர் 150 முறை. வேறுபாடு 25. பருவம் ஏறத்தாழ 25 வாரங்கள். ஆகவே வாரத்துக்கு ஒரே ஓர் அடி. யாருடைய கைக்கும் எட்டாமல் தற்செயலாக விழும் ஒரு சொத்தைப் பந்து வாரத்துக்கு ஒன்று கூடுதலாகக் கிடைத்திருந்தால், மேஜர் லீக்கின் புகழ்பெற்ற யாங்கீ அரங்கத்தில் ஆடிக்கொண்டிருக்கலாம். திறமை, உழைப்பு, நீதி ஆகியவற்றைப் பற்றி விளையாட்டுப் படங்கள் எவ்வளவோ வசனம் பேசியிருக்கின்றன. இந்தக் கூட்டல் கழித்தலைப் போல எதுவும் என்னைத் தாக்கியதில்லை. நம் ஊர்க் கிரிக்கெட் அறிந்தவர்களுக்கு ராஜிந்தர் கோயலின் நினைவு வரலாம்: ரஞ்சிக் கோப்பையில் 637 விக்கெட்டுகள் எடுத்தும் ஒரு டெஸ்ட் போட்டியில்கூட ஆட வாய்க்காதவர் அவர்.

லாலூஷ் போனதும் கிராஷை அணியிலிருந்து விடுவித்துவிடுகிறார்கள், ஏனெனில் அவரை வரவழைத்த வேலை முடிந்துவிட்டது. அதன் பிறகுதான் அவர் ஆனியின் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். தேர்வு எழுத மறுத்தவர், எல்லாத் தேர்விலிருந்தும் நீக்கப்பட்ட பிறகே உள்ளே வருகிறார் என்பதைக் கவனியுங்கள்.

கிராஷ் டேவிஸ் என்ற பெயரும் கற்பனை அன்று. லாரன்ஸ் 'கிராஷ்' டேவிஸ் என்று உண்மையிலேயே ஓர் ஆட்டக்காரர் இருந்தார். 1940 முதல் 1942 வரை மேஜர் லீக்கின் ஃபிலடெல்ஃபியா அத்லெட்டிக்ஸ் அணியிலும், 1948இல் டர்ஹம் புல்ஸ் அணியிலும் ஆடியவர். பழைய பதிவேடு ஒன்றில் அந்தப் பெயரைப் பார்த்த ஷெல்டன், பயன்படுத்த அவரிடம் அனுமதி கேட்டார். கடைசியில் அந்தப் பெண் எனக்குக் கிடைப்பாளா என்று அவர் திருப்பிக் கேட்டதாகவும், கிடைப்பாள் என்று தெரிந்ததும் இசைந்ததாகவும் சொல்வார்கள். முக்கோணத்தின் முடிவு அன்றே தீர்மானமாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

கடைசிவரிசை_ரசிகர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு உங்கள் மறுமொழிகளைப் படித்துவிட்டு மூன்றாம் முறையாகப் பார்த்தேன். அந்த வெற்றித் தொடர் காட்சியில், ஆனியின் கோபத்துக்கு அடியில் ஒரு மகிழ்ச்சியும் இருக்கிறது என்பது இப்போதுதான் கண்ணில் பட்டது. தன்னைப் போலவே ஆட்டத்தை வேதமாக எடுத்துக்கொள்ளும் இன்னொருவரைக் கண்டுபிடித்த மகிழ்ச்சி அது. லாலூஷின் பெயரைச் சொல்லிக்கொண்டு இருவரும் சண்டையிடும்போது, அவன் எந்த வீட்டில் இருக்கிறான் என்பதைக்கூட மறந்துவிடுகிறார்கள்.

இன்னும் ஒன்று மட்டும் உறுத்துகிறது. சிறிய அணிகளின் வரலாற்றிலேயே மிக அதிகமான ஹோம் ரன்கள் (பெரும்பாலும் பந்தை எல்லைக்கு அப்பால் அடித்து எடுக்கும் ஓட்டம்), அதாவது 247, என்ற சாதனையை நெருங்கும் கிராஷ், அதை யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று ஆனியிடம் கேட்டுக்கொள்கிறார். ஊரில் அந்தக் கணக்கை வைத்திருப்பவர் ஆனி ஒருவர்தான். ஒரு சாதனையை ஏன் மறைக்க வேண்டும்?

பழைய_ஸ்கோர்புக்

முதலில் எண்ணைப் பற்றி. அது கதைக்காக வைத்த எண். உண்மையில் அமெரிக்கச் சிறிய லீக்குகளில் பஸ் ஆர்லெட் என்பவர் 432 ஹோம் ரன்கள் அடித்திருந்தார். 2015இல்தான் மைக் ஹெஸ்மன் 433 அடித்து அதை முந்தினார். சாதனையை மறைப்பதற்கான காரணத்தைக் கையுறைக்காரர் என்னைவிட நன்றாகச் சொல்வார்.

கீப்பர்_கையுறை

சிறிய அணிகளில் அதிக ஹோம் ரன் அடித்தவர் என்றால், சிறிய அணிகளை விட்டு மேலே போக முடியாமல் அதிக ஆண்டுகள் தங்கியவர் என்றும் பொருள். ஒவ்வொரு ஹோம் ரன்னும் அவர் எங்கே இல்லை என்பதையும் சேர்த்தே எண்ணிக் காட்டுகிறது. எனக்கும் அப்படி ஓர் எண் உண்டு. கல்லூரி அணிக்காக நான் பிடித்த கேட்சுகளின் எண்ணிக்கை. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஆனால் கிராஷ் அந்த எண்ணை முடிக்காமல் விடவில்லை என்பதையும் பாருங்கள். டர்ஹமில் ஆனியோடு தங்கிவிட்டிருக்கலாம். விடியற்காலையில் அவரை உறங்கவிட்டு, ஆஷ்வில் நகர அணியில் ஓர் இடம் காலியாக இருப்பதை அறிந்து அங்கே போகிறார். 247ஆவது ஹோம் ரன்னை அடித்துவிட்டு ஆட்டத்திலிருந்து விலகுகிறார். அடுத்த வசந்தத்தில் விஸாலியா என்ற இன்னொரு சிறிய அணிக்கு மேலாளர் தேவைப்படலாம் என்ற செய்தியோடுதான் மழையில் நனைந்துகொண்டு ஆனியின் திண்ணைக்கு வருகிறார். வாசகி அம்மையார் குறை சொன்ன அந்த வரியை நான் இப்படிக் கேட்கிறேன்: பன்னிரண்டு ஆண்டுகளாக ஒவ்வோர் அடியையும் எண்ணிக்கொண்டிருந்த ஒருவர், முதல் முறையாக எண்ணாமல் உட்கார விரும்புகிறார்.

மாடிவீட்டு_வாசகி

அப்படிக் கேட்டால் அந்த வரியை ஏற்க முடிகிறது. ஆனாலும் அவர் விஸாலியாவுக்குப் போகும்போது ஆனியையும் அழைத்துக்கொண்டுதான் போக வேண்டும். மேலாளர் வேலைக்கு அவர் தகுதியானவரா என்று முதலில் ஆனியிடம்தான் கேட்கிறார். படத்தில் அவர் தானாக முன்வந்து ஏற்கும் ஒரே தேர்வு அது.